தோட்டப்புற நகரத்தில் ஒரு ஜாஸ் பள்ளியைத் தொடங்கி வளர்ப்பது எப்படி

மலேசியாவின் பேராக் மாநிலத்திலுள்ள சுங்கை சிப்புட் போன்ற ஒரு தோட்டப்புற நகரத்தில் ஜாஸ் இசைப் பள்ளி தொடங்கப் போகிறேன் என்று யாரேனும் என்னிடம் வந்து சொன்னால், கட்டடம் பார்த்துவிட்டீர்களா என்று நான் கேட்பதில்லை. சேர்ந்து வாசிக்க ஐந்து பேர் கிடைத்துவிட்டார்களா என்றுதான் கேட்பேன். நம் ஊர்களில் இசை வகுப்பு என்றால் ஒரு பிள்ளை, ஓர் ஆசிரியர், அரை மணி நேரம், வருட இறுதியில் ஒரு தேர்வு என்பதே வழக்கம். பியானோவையோ வயலினையோ அப்படிக் கற்பிக்க முடியும். ஜாஸை அப்படிக் கற்பிக்க முடியாது. டிரம்ஸ் வாசிப்பவர் பேஸ் கிட்டாரைக் கேட்டுத் தன் கையை மாற்றுவதும், பியானோ வாசிப்பவர் சாக்ஸபோனுக்கு இடம்விட்டு ஒதுங்கி நிற்பதும்தான் அந்த இசையின் இலக்கணம். தனியாக உட்கார்ந்து அதைக் கற்க வழியில்லை. ஆகவே ஐந்து முதல் ஏழு பேர் கொண்ட ஒரு குழுவையே பள்ளியின் அடிப்படை அலகாக வைத்துக்கொள்ளுங்கள். அறை, நேரம், கட்டணம், வாத்தியம் ஆகிய எல்லாவற்றையும் அந்தக் குழுவை மனத்தில் வைத்தே முடிவு செய்ய வேண்டும்.

சிறிதாகத் தொடங்க எவரும் தயங்க வேண்டாம். இன்று உலகெங்கும் அறியப்பட்ட பெர்க்லீ இசைக் கல்லூரியை 1945இல் பாஸ்டனில் லாரன்ஸ் பெர்க் என்பவர் ஷில்லிங்கர் ஹவுஸ் என்ற பெயரில் ஒரு சிறு பள்ளியாகத்தான் தொடங்கினார். 1954இல் அதற்குத் தம் மகனின் பெயரை ஒட்டிப் புதுப் பெயர் வைத்தார். ஆனால் நம் சூழலுக்கு அதைவிட நெருக்கமான முன்மாதிரி சிகாகோவில் இருக்கிறது. அந்நகரின் தென்பகுதியில் வாழ்ந்த கறுப்பின இசைஞர்கள் 1965இல் ஏ.ஏ.சி.எம். எனப்படும் படைப்பிசைஞர் முன்னேற்றச் சங்கத்தை அமைத்து, இரண்டே ஆண்டுகளில் தங்கள் வட்டாரத்துப் பிள்ளைகளுக்குச் சனிக்கிழமைகளில் இலவச வகுப்பு நடத்தத் தொடங்கினார்கள். வாசிப்பவர்களே ஆசிரியர்களாகவும் இருந்தார்கள். அவர்களிடம் பெரிய முதலீடு இல்லை. வாரந்தோறும் தவறாமல் கூடும் பழக்கம் இருந்தது. தோட்டப்புற நகரத்தில் நமக்குத் தேவையானதும் அந்தப் பழக்கம்தான்.

முதல் மாணவர்களை எங்கே தேடுவது?

விளம்பரப் பலகை வைத்துக் காத்திருந்தால் யாரும் வரமாட்டார்கள், ஏனெனில் ஜாஸ் என்ற சொல்லே பல வீடுகளுக்குப் புதிது. இசை ஏற்கெனவே இருக்கும் இடங்களுக்கு நீங்கள் போக வேண்டும். நான் முதலில் போனது உறுமி மேளக் குழுக்களிடம். தைப்பூசத்துக்கும் திருவிழாவுக்கும் மணிக்கணக்கில் நடந்துகொண்டே வாசிக்கும் அந்த இளைஞர்களைப் பற்றி ஊரில் சிலருக்கு நல்ல அபிப்பிராயம் இல்லை. என் அனுபவத்தில், வேகம் மாறாமல் காலப்பிரமாணத்தைக் கெட்டியாகப் பிடிப்பதிலும் ஒருவர் கையை மற்றவர் கேட்டு வாசிப்பதிலும் அவர்களுக்கு நிகராக வேறு யாரும் முதல் நாளில் வந்ததில்லை. அடுத்து இடைநிலைப்பள்ளிகளின் பேண்டு வாத்தியக் குழுக்கள்: டிரம்பெட்டும் டிராம்போனும் ஊதத் தெரிந்த பிள்ளைகள், ஐந்தாம் படிவத்தோடு பள்ளி முடிந்ததும் வாத்தியத்தைப் பள்ளியிலேயே ஒப்படைத்துவிட்டு அத்தோடு இசையை மறந்துவிடுகிறார்கள். தேவாலயத்தில் கீபோர்டு வாசிக்கும் பிள்ளைகளுக்குக் கார்டுகள் எனப்படும் சுவரக் கூட்டுகள் ஓரளவு தெரிந்திருக்கும். கோயிலில் தேவாரமும் பஜனையும் பாடும் பெண் பிள்ளைகளுக்குச் சுருதி சுத்தமாக நிற்கும். இந்த நான்கு இடங்களிலிருந்தும் ஓரிருவராக ஐந்தாறு பேர் வந்தாலே உங்கள் முதல் குழு தயார்.

பெற்றோரிடம் பேசும்போது, இது நம் இசைக்கு எதிரானதோ, மதுக்கடை இசையோ என்ற கவலையை நேராக எதிர்கொள்ளுங்கள். கத்ரி கோபால்நாத் சாக்ஸபோனைக் கர்நாடக மேடையில் நிலைநிறுத்தியவர். 1980இல் பம்பாயில் நடந்த ஜாஸ் யாத்ரா விழாவில் ஜான் ஹேண்டி என்ற அமெரிக்கக் கலைஞருடன் சேர்ந்து வாசித்தவர். கடம் விநாயக்ராம் 1970களில் சக்தி என்ற இசைக்குழுவில் கிட்டார் கலைஞர் ஜான் மெக்லாஃப்லினோடும் தபலா கலைஞர் ஜாகீர் உசேனோடும் உலகைச் சுற்றினார். நம் நாட்டில் பினாங்கின் ஜிம்மி பாயில் ஜாஸ் நடையில் மலாய்ப் பாடல்களை அமைத்தார். வானொலி இசைக்குழுவை நடத்திய அல்போன்சோ சோலியானோவும் ஜாஸில் ஊறியவர். இவற்றையெல்லாம் சொல்வதோடு நிறுத்தாமல் ஒரு சனிக்கிழமை பெற்றோரையும் உட்காரவைத்துக் கேட்கச் செய்தால், பேச வேண்டியது பாதியாகக் குறைந்துவிடும்.

இடமும் நேரமும்

கோயில் மண்டபமோ தமிழ்ப்பள்ளியின் பலநோக்கு மண்டபமோ போதும். கோயில் நிர்வாகத்தாரிடம் கேட்கும்போது, எந்தக் கிழமை, எத்தனை மணிக்கு, எவ்வளவு சத்தம் என்பதை எழுதிக் கொடுத்துவிடுங்கள். செவ்வாய், வெள்ளியைத் தொடவே வேண்டாம். சனிக்கிழமை காலை ஒன்பது முதல் ஒரு மணி வரை என்பது பல ஆண்டுகள் பட்டறிந்து நாங்கள் கண்ட நேரம். மாலை வகுப்பு வைத்தால் டியூஷனோடு மோதும். செம்பனைக் காட்டுச் சாலையில் இருட்டிய பிறகு பெண் பிள்ளைகளை அனுப்பப் பெற்றோர் தயங்குவார்கள், அந்தத் தயக்கம் நியாயமானது. நகரத்திலிருந்து தள்ளியிருக்கும் தோட்டங்களில் எத்தனையோ பிள்ளைகள் வகுப்பு வேண்டாம் என்று வராமல் இருப்பதில்லை, வண்டி இல்லாமல்தான் வராமல் இருக்கிறார்கள். ஆகவே பள்ளி வேன் ஓட்டும் அண்ணன் ஒருவரிடம் சனிக்கிழமைக்கென்று பேசி வைப்பதை, டிரம்ஸ் வாங்குவதற்கும் முன்னதாகச் செய்து முடியுங்கள்.

மண்டபத்தில் சிமெண்டுத் தரையும் தகரக் கூரையும் இருந்தால் எதிரொலியில் பேஸ் கிட்டார் கரைந்துபோகும். டிரம்ஸுக்குக் கீழே தடித்த கம்பளம் விரித்து, பின்பக்கச் சுவரில் பழைய மெத்தைகளையோ கனமான திரைகளையோ தொங்கவிட்டால் பெரும்பகுதி சரியாகும். கதவு எப்போதும் திறந்தே இருக்கட்டும். எந்த ஆசிரியரும் ஒரு பிள்ளையோடு மூடிய அறையில் தனித்து இருக்கக் கூடாது என்பதை முதல் நாளே எழுதி ஒட்டிவிட வேண்டும். பெரியவர் ஒருவராவது வகுப்பு முடியும்வரை மண்டபத்தில் இருக்க வேண்டும்.

வாத்தியங்கள்

ஒரு டிரம்ஸ் செட், ஒரு பேஸ் கிட்டார், அதற்கோர் ஒலிபெருக்கி, 88 கட்டைகள் கொண்ட ஒரு மின்பியானோ, ஊதும் வாத்தியம் இரண்டு. தொடங்க இவ்வளவே வேண்டும், எல்லாமே பழையதாக இருக்கலாம். செலவழிக்கக் கொஞ்சம் பணம் மிஞ்சினால் அதை ரைடு எனப்படும் பெரிய சிம்பலுக்குச் செலவழியுங்கள், ஏனெனில் ஜாஸில் தாளத்தைத் தாங்குவது அதுதான். மட்டமான சிம்பலில் எவ்வளவு அழகாக வாசித்தாலும் தட்டு தட்டுகிற ஓசையே வரும். பெரிய மர டபுள் பேஸ் மேல் ஆசை இருக்கும், ஆனால் நம் புழுக்கத்தில் மண்டபத்தில் விட்டுவைத்தால் மரம் ஊறி ஒட்டு விடும். பராமரிக்க ஆள் கிடைக்கும்வரை பொறுங்கள். சாக்ஸபோனை வாசித்து முடித்ததும் உட்புறத்தைத் துணியால் துடைத்து உலரவிடாமல் பெட்டியில் வைத்தால் துளைகளை மூடும் தோல் திண்டுகளில் பூஞ்சணம் பிடித்துவிடும். அந்தத் திண்டுகளை மாற்ற ஈப்போவுக்கோ கோலாலம்பூருக்கோ கொண்டுபோகும் செலவு, துடைக்கும் துணியின் விலையைப் பல மடங்கு தாண்டும். துடைப்பதையும் பாடத்தின் பகுதியாகவே வைத்துக்கொள்ளுங்கள்.

முதல் ஆண்டில் என்ன கற்பிப்பது?

இதுதான் எல்லாவற்றிலும் முக்கியமான பகுதி, பெரும்பாலான புதிய வகுப்புகள் சறுக்கும் இடமும் இதுதான். வெளிநாட்டுப் பாடநூலை அப்படியே எடுத்து முதல் பக்கத்திலிருந்து தொடங்கினால் நம் பிள்ளைகளுக்கு ஏற்கெனவே தெரிந்ததைக் கடினமாக்கியும், தெரியாததைத் தொடாமலும் போய்விடுவீர்கள். அவர்களுக்குத் தெரிந்தது தாளம். தெரியாதது கார்டு, அதாவது மூன்று நான்கு சுவரங்களை ஒரே வேளையில் ஒலிக்கவிட்டு, அந்தக் கூட்டு மாறும்போது பாட்டின் நிறமும் மாறுவதை உணர்வது.

தாளத்திலிருந்து தொடங்குவோம். ஜாஸுக்கு உயிரான ஸ்விங் நடையைத் தாளில் எழுதி விளக்குவது சிரமம். நம் பிள்ளைகளைத் திஸ்ர நடையில் தகிட தகிட என்று சொல்லச் சொல்லி ஒவ்வொரு அடிக்கும் கை தட்டச் செய்யுங்கள். சில நிமிடங்கள் கழித்து நடுவில் வரும் 'கி'யை வாய்க்குள்ளேயே விழுங்கச் சொல்லுங்கள். மிஞ்சுவது நீண்ட 'த'வும் குறுகிய 'ட'வும். ரைடு சிம்பலில் கேட்கும் ஸ்விங்கின் எலும்பு அதுவே. காலப்பிரமாணம் கூடக் கூட இந்த நீளமும் குறுக்கமும் சமமாகி வரும் என்பதைப் பிறகு பதிவுகளைக் கேட்கவைத்துக் காட்டலாம். இதற்கு அடுத்ததுதான் கடினம். நமக்குச் சமத்தில், அதாவது தாளத்தின் முதல் அடியில், அழுத்திப் பழக்கம். ஜாஸில் இரண்டாவது நான்காவது அடிகளில் கை தட்ட வேண்டும். உறுமி வாசிக்கும் பிள்ளைகளுக்கே இது பழக இரண்டு மாதம் ஆனது. அவசரப்படாதீர்கள், ஒவ்வொரு வகுப்பின் முதல் பத்து நிமிடத்தை இதற்கே கொடுங்கள்.

முதல் உருப்படியாகப் பன்னிரண்டு பார் புளூஸ் என்ற பாட்டு வடிவத்தை எடுத்துக்கொள்ளுங்கள்; பார் என்பது ஒரு சிறு தாளச் சுற்று. ஒரு பாருக்கு நான்கு அடி, பன்னிரண்டு பாருக்கு 48 அடி. எட்டு அடிக்கு ஒரு சுற்று என்று எண்ணினால் அது சரியாக ஆறு ஆதி தாள ஆவர்த்தனங்கள். இதைக் கரும்பலகையில் எழுதிக் காட்டியபோது பிள்ளைகளின் முகத்தில் வந்த வெளிச்சத்தை நான் மறக்கவில்லை. அந்நியமாக இருந்த வடிவம் ஒரு நொடியில் கைக்குள் வந்துவிடுகிறது. டிரம்பெட்டும் ஆல்டோ சாக்ஸபோனும் குழுவில் இருந்தால் பியானோவின் பி ஃபிளாட்டை ஆதாரமாக வையுங்கள், ஏனெனில் ஒரே சுவரத்துக்கு இந்த வாத்தியங்களில் பெயர் வேறு, அப்போது டிரம்பெட்டுக்காரர் சி யிலும் ஆல்டோக்காரர் ஜி யிலும் எளிதாக வாசிக்கலாம். முதல் இரண்டு ஆவர்த்தனங்கள் பி ஃபிளாட் செவன்த் என்ற கார்டு. மூன்றாவது ஈ ஃபிளாட் செவன்த். நான்காவது மீண்டும் பி ஃபிளாட். ஐந்தாவதில் பாதி எஃப் செவன்த், பாதி ஈ ஃபிளாட். ஆறாவது வீடு திரும்பும் பி ஃபிளாட், அதன் கடைசி நான்கு அடியில் எஃப் வந்து மறுசுற்றுக்கு அழைக்கும். வாத்தியத்தைத் தொடும் முன்பு எல்லாரும் தாளம் போட்டுக்கொண்டே ஒவ்வொரு கார்டின் அடிச்சுவரத்தை மட்டும் ச, ம, ப என்று பாட வேண்டும். பாடத் தெரியாத மாற்றத்தை விரல் கண்டுபிடிக்காது. ஒரு மாதம் இதையே செய்தாலும் வீணில்லை.

பிறகு சோலோ, அதாவது ஒருவர் தன் கற்பனையில் தனித்து வாசிப்பது. சுத்த தன்யாசியின் ஐந்து சுவரங்களைப் பாடத் தெரிந்த பிள்ளை அன்றைக்கே புளூஸில் வாசிக்கத் தொடங்கலாம். ச, சாதாரண காந்தாரம், ம, ப, கைசிகி நிஷாதம் ஆகிய அதே படிக்கட்டுதான் அங்கும். பியானோ வாசிக்கும் கார்டிலோ அதைவிட அரைப்படி உயர்ந்த அந்தர காந்தாரம் ஒலித்துக்கொண்டிருக்கும். சோலோவில் சாதாரண காந்தாரமும் கார்டில் அந்தர காந்தாரமும் ஒன்றோடொன்று உரசுகிற அந்த ஒலியே புளூஸின் சுவை. கர்நாடக சங்கீதம் பயின்ற பிள்ளை முதலில் அதைத் தவறு என்று நினைத்து நிறுத்திவிடும். நிறுத்தாதே, அங்கேயே நின்று கேள் என்று ஆசிரியர் சொல்ல வேண்டும். அதே சமயம் இராகமும் ஜாஸ் ஸ்கேலும் ஒன்றே என்று கற்பித்துவிடாதீர்கள். கரகரப்பிரியா இராகமும் டோரியன் என்ற ஸ்கேலும் சுவர வரிசையில் ஒன்று, ஆனால் சுவரத்தை அசைக்கும் கமகமும் இராகத்துக்கே உரிய பிடிகளும் இல்லாமல் அது கரகரப்பிரியா ஆகாது. ஏறி நிற்கப் படிக்கட்டு ஒன்றாக இருக்கிறது என்பதோடு ஒப்பீட்டை நிறுத்திக்கொள்வது இரு இசைக்கும் மரியாதை.

ஒருவருக்கொருவர் மாற்றி வாசிப்பதற்குத் தனி ஆவர்த்தனத்தின் குறைப்பு நல்ல வழிகாட்டி. மிருதங்கமும் கடமும் இரண்டு ஆவர்த்தனம், ஒன்று, அரை என்று குறைத்துக்கொண்டே போவதுபோல, சாக்ஸபோனும் டிரம்ஸும் எட்டு பார், நான்கு பார், இரண்டு பார் என்று மாற்றி வாசிக்கட்டும். முன்னவர் வாசித்ததில் ஒரு துணுக்கையாவது பின்னவர் எடுத்துக்கொள்ள வேண்டும் என்ற விதியை வையுங்கள். கேட்காமல் வாசிக்கும் பழக்கம் அந்த ஒரே விதியில் ஒழிந்துவிடும்.

சுவரக்குறி படிப்பதை மூன்றாம் மாதத்தில் தொடங்கலாம். வாரம் ஒரு பதிவைக் கேட்டுக் கையால் எழுதிவருவதே வீட்டுப்பாடம். நான்கு பார் எழுதினால் போதும்.

ஆசிரியர்கள்

எல்லாம் தெரிந்த ஓர் ஆசிரியரைத் தேடிக்கொண்டிருந்தால் பள்ளி தொடங்காது. ஈப்போ 30 கிலோமீட்டர் தொலைவில்தான் இருக்கிறது. அங்கே விடுதிகளிலும் திருமண விருந்துகளிலும் வாசிக்கும் இசைஞர் ஒருவர் மாதம் இரண்டு சனிக்கிழமை வந்தால், மற்ற இரண்டு வாரங்களில் உள்ளூரில் ஒருவர் அதே பாடத்தை நடத்திச் செல்லலாம். தஞ்சோங் மாலிமில் உள்ள சுல்தான் இட்ரிஸ் கல்வியியல் பல்கலைக்கழகத்தில் இசை ஆசிரியர் படிப்பு இருப்பதால், விடுமுறையில் ஊர் திரும்பும் பட்டதாரிகளையும் கேட்டுப் பாருங்கள். வருபவருக்கு, எவ்வளவு சிறிய தொகையாக இருந்தாலும், அன்றைக்கே பணத்தைக் கையில் கொடுத்துவிடுங்கள். அடுத்த மாதம் சேர்த்துத் தருகிறேன் என்று சொல்லியே நல்ல ஆசிரியர் ஒருவரை நாங்கள் இழந்தோம். அந்தத் தவறு முழுக்க எங்களுடையது.

பதிவும் உரிமமும்

தொடக்கத்தில், ஏற்கெனவே பதிவுபெற்ற ஒரு சங்கத்தின் நடவடிக்கையாக வகுப்பை நடத்தலாமா என்று பாருங்கள். தனியாகச் சங்கம் அமைப்பதானால் 1966ஆம் ஆண்டுச் சங்கச் சட்டப்படி குறைந்தது ஏழு உறுப்பினர்கள் வேண்டும். நிலையான இடமும் தொடர்ந்த வகுப்புகளும் வந்துவிட்டால் 1996ஆம் ஆண்டுக் கல்விச் சட்டத்தின் கீழ் தனியார் கல்வி நிலையமாகப் பதிவு செய்வது பற்றி மாநிலக் கல்வி இலாகாவில் நேரில் விசாரியுங்கள். கடைவீட்டுக்கு மாறினால் நகராண்மைக் கழகத்தின் வளாக உரிமமும் தீயணைப்பு மீட்புப் படையின் ஒப்புதலும் சேர்ந்துகொள்ளும். வாடகை ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் முன்பே இவற்றைக் கேட்டுவிட வேண்டும். பதிப்புரிமையையும் மறக்கக் கூடாது. நம் நாட்டில் இசையமைப்பாளர் மறைந்து 50 ஆண்டுகள் முடியும்வரை உரிமை நீடிக்கும். 1958இல் மறைந்த அமெரிக்க இசையமைப்பாளர் டபிள்யூ. சி. ஹேண்டியின் புளூஸ் இசைகளைப் போலப் பழையவற்றை எடுத்தால் சிக்கல் இல்லை, மற்றவற்றைப் பொது மேடையில் வாசிக்க உரிமம் பெற வேண்டும்.

பணம்

ஓர் எடுத்துக்காட்டுக் கணக்கைப் போடுவோம். ஆறு பேர் கொண்ட நான்கு குழுக்கள், ஆக 24 மாணவர்கள். அவர்களில் ஆறு பேருக்குக் கட்டணம் இல்லை; மீதிப் பதினெட்டுப் பேரும் மாதம் 50 வெள்ளி (ரிங்கிட்) கட்டினால் 900 வெள்ளி வரும். ஆசிரியருக்குச் சனிக்கிழமைக்கு 150 வீதம் 600. மண்டபத்துக்கும் மின்சாரத்துக்கும் 100. சாக்ஸபோன் ரீடு, கிட்டார் கம்பி, பழுது பார்த்தல் என்று 100. மிஞ்சும் 100 சேமிப்பு. இந்தக் கணக்கில் வாத்தியம் வாங்க இடமே இல்லை என்பதைக் கவனியுங்கள். வாத்தியத்துக்குத் தனி நிதி வேண்டும். தோட்டத் தொழிலாளர்களின் சிறு சேமிப்பைத் திரட்டித் தோட்டங்களையே வாங்க 1960இல் கூட்டுறவுச் சங்கம் கண்ட அரசியல் தலைவர் துன் சம்பந்தனின் ஊர் இது. சிறு தொகையாக நெடுநாள் சேர்ப்பது நம் மக்களுக்குப் புதிதன்று. பழைய மாணவர்களும் ஊரை விட்டுப் போனவர்களும் மாதம் ஐந்தோ பத்தோ தருவதும், வரவு செலவை மூன்று மாதத்துக்கு ஒருமுறை மண்டபத்தின் அறிவிப்புப் பலகையில் ஒட்டுவதும் அந்த நிதியை உயிரோடு வைத்திருக்கும். யார் கட்டணம் கட்டாத பிள்ளை என்பது பொருளாளரைத் தவிர ஒருவருக்கும் தெரியக் கூடாது.

வளர்ச்சி

ஆறாம் மாதத்தில் மேடை ஏறுங்கள். அதற்கு முன்பு வேண்டாம், அதைவிடத் தாமதிக்கவும் வேண்டாம். தமிழ்ப்பள்ளியின் விழாவோ பொங்கல் நிகழ்ச்சியோ, இருபது நிமிடம், மூன்று உருப்படி. நம் மக்களுக்குத் தெரிந்த ஒரு பழைய மெட்டைப் புளூஸ் வடிவிலோ ஸ்விங் நடையிலோ ஒன்று வாசித்தால், மற்ற இரண்டையும் காது கொடுத்துக் கேட்பார்கள்.

மாணவர் எண்ணிக்கை கூடும்போது வகுப்பில் ஆட்களைத் திணிக்காமல் குழுக்களைப் பெருக்குங்கள். ஒரு குழுவில் எட்டாவது ஆள் சேர்ந்த நாளிலிருந்து யாராவது ஒருவர் சும்மா உட்கார்ந்திருப்பார், அந்த ஒருவர் இரண்டு மாதத்தில் நின்றுவிடுவார். தேர்வுச் சான்றிதழ் கேட்கும் பெற்றோருக்காக லண்டன் இசைத் தேர்வு வாரியங்களின் தேர்வுக்குத் தனியாகத் தயார் செய்யலாம். அதற்காகக் குழு நேரத்தை ஒருபோதும் குறைக்க வேண்டாம்.

நம் ஊரில் எந்தப் பள்ளிக்கும் உள்ள பெரிய சோதனை, ஐந்தாம் படிவ முடிவில் எழுதும் எஸ்.பி.எம். தேர்வு. பதினேழு வயதில் நன்றாக வாசிக்கத் தொடங்கும் பிள்ளை அடுத்த ஆண்டு கோலாலம்பூருக்கோ ஜொகூருக்கோ போய்விடும். இதைத் தடுக்க முடியாது, தடுக்க நினைப்பதும் சரியன்று. ஆகவே பிள்ளை மூன்றாம் படிவத்தை முடிக்கும்போதே தொடக்கக் குழு ஒன்றை நடத்த ஒப்படைத்துவிடுங்கள். உறுமி வாசித்துக்கொண்டு வந்த ஒரு தம்பி, தகிடவில் 'கி'யை விழுங்கச் சொல்லிப் பத்து வயதுப் பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுப்பதை மண்டபத்தின் ஓரத்திலிருந்து நான் பார்த்த சனிக்கிழமையில்தான், இது வகுப்பாக இல்லாமல் பள்ளியாகிவிட்டது என்று எனக்குத் தோன்றியது. இப்போது எங்கள் தொடக்கக் குழுக்கள் இரண்டும் மாணவர்களின் பொறுப்பில்தான் நடக்கின்றன. ஒவ்வொரு பள்ளியாண்டின் தொடக்கத்திலும், ஐந்தாம் படிவத்துக்குப் போகிற பிள்ளை தன் குழுவின் பெயர்ப்பட்டியலையும் பாடக் குறிப்பேட்டையும் மண்டபச் சாவியையும் நான்காம் படிவத்துக்குப் போகிற பிள்ளையிடம் எல்லார் முன்னிலையிலும் ஒப்படைக்கிறது. நீங்களும் முதல் ஆண்டிலேயே அந்தக் குறிப்பேட்டை வாங்கி, என்ன கற்பித்தோம், யார் எங்கே தடுமாறினார்கள் என்று வாராவாரம் எழுதத் தொடங்கிவிடுங்கள்.